சின்ன பீரும் பெரிய வரியும்

தலைப்பைப் பார்த்து மாமிமார்கள் முகம் சுளிக்க வேண்டாம். இது குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல, கணக்குப் பதிவு. பி.காம் படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் கண்ணில் படும். பீரைப் பார்த்தாலும் அப்படித்தான் :-)

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

டெல்லியில் எந்த மதுக்கடையை எட்டிப் பார்த்தாலும் பீர் பாட்டில்களில் பாதிக்கு மேல் 'ஸ்ட்ராங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சாராயச் சத்து 8 சதவீதம் வரை என்று சிறிய எழுத்தில் இருக்கும். நமக்கு பீரைக் கொண்டுவந்து கொடுத்த இங்கிலாந்திலோ கிராமத்துக் கடையில் சாயங்காலம் சாதாரணமாக ஊற்றிக் கொடுப்பது 3 முதல் 4 சதவீதம்தான். மைல்ட், பிட்டர் என்று பெயர். நாலு பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, நேராக நடந்து வீட்டுக்குப் போகலாம்.

ஏன் இந்த வித்தியாசம்? "வெயில் சார்", "நம்மாளுக்குக் கிக் வேணும் சார்" என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். வெயில் காரணமென்றால் 45 டிகிரி அடிக்கும் ஊரில் லேசான பானம்தானே ஓட வேண்டும்? என் பதில் வேறு. ஒரு நாட்டின் பீர் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை நாக்கைவிட வரிதான் அதிகம் தீர்மானிக்கிறது. அந்த வரியில் முதலில் அடிபட்டது வீட்டில் காய்ச்சிய லேசான பானம். இங்கிலாந்திலும் அப்படித்தான், நம்மூரிலும் அப்படித்தான். வரிசையாகச் சொல்கிறேன்.

இரண்டாம் டிகாக்ஷன்

முதலில் பீர் எப்படி உருவாகிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து, உடைத்தால் அது மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் சில நொதிகள் உண்டாகின்றன. மால்ட்டை ஏறக்குறைய 65 டிகிரி சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்த்தால் நாலைந்து நாளில் பீர். இட்லி மாவு பொங்குகிற அதே குடும்பத்து வேலைதான்.

அந்தக் கால இங்கிலாந்தில் இதைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டு அடுப்பில் செய்தார்கள். ஒரே மால்ட்டில் முதல் தடவை வடித்தது கெட்டியாக இருக்கும். அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி வடித்தால் நீர்க்க வரும். நம் வீட்டில் காபி பில்டரில் இரண்டாம் டிகாக்ஷன் இறக்குகிறோமே, அதேதான். அந்த இரண்டாம் வடிப்பில் செய்தது 'ஸ்மால் பீர்', அதாவது சின்ன பீர். வேலைக்காரர்கள், வயலில் அறுப்பு அறுப்பவர்கள், வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான். போதைக்காக அல்ல, சாப்பாட்டோடு சேர்ந்த பானமாகக் குடித்தார்கள். நம்மூரில் வயலுக்குக் கம்பங்கூழ் கொண்டுபோனது போல.

பிழாவும் நல்லடையும்

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது. பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். அதில் மீன்பிடிக்கும் வலைஞர்களின் ஊர் வரும்போது, ஒரு பானத்தின் செய்முறையே படிப்படியாக இருக்கிறது.

குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாய் அகன்ற தட்டுப் பாத்திரத்தில் கொட்டி ஆற்றுகிறார்கள். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் பிழா. ஆறின களியில் நல்லடையைச் சேர்த்துக் கலக்குகிறார்கள். நல்லடை என்பது முளைகட்டிய நெல்லை இடித்துச் செய்த அடை என்று பொருள் சொல்கிறார்கள். புற்றுக்குள் இருக்கும் கரையான் கூடு போல அதன் மேற்புறம் இருக்கும் என்று புலவர் உவமை சொல்கிறார். பிறகு இரண்டு பகல், இரண்டு இரவு விட்டு, உறுதியான வாயுள்ள சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து வடிகட்டுகிறார்கள். சுட்ட மீனோடு பாணனுக்குக் கிடைக்கும்.

இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டிய விஷயம் நல்லடை. முளைகட்டிய தானியம் என்றால் மால்ட்! இங்கிலாந்துக் கிழவி பார்லியில் செய்ததை இங்கே நெல்லில் செய்திருக்கிறார்கள். நம் கிழக்கு மாநிலங்களில் அரிசி பீர் செய்யும் முறை வேறு. எங்கள் அலுவலகத்தில் ஜார்க்கண்ட்காரர் ஒருவர் இருக்கிறார். அவர்கள் ஊர் ஹண்டியா பற்றிக் கேட்டால் ஆர்வமாகச் சொல்வார். அரிசிமாவும் வேர்களும் சேர்த்து உருட்டிக் காயவைத்த 'ரானு' என்ற உருண்டையைச் சோற்றில் உதிர்த்துப் போடுகிறார்கள். சிக்கிமில் அதே போன்ற வில்லைக்கு மர்ச்சா என்று பெயர். அந்த வில்லையில் இருக்கும் பூஞ்சை மாவைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அதைப் புளிக்கவைக்கும். ஜப்பானில் சாக்கே செய்வதும் இந்த வழிதான். பெரும்பாணாற்றுப்படை வழியோ முளைத் தானிய வழி.

இரண்டே நாள் நொதித்த கஞ்சி ரொம்பக் கடுமையாக இருக்க வழியில்லை என்பதையும் கவனியுங்கள். அதே பாட்டில் இன்னோரிடத்தில் வீட்டிலேயே சமைத்த தோப்பி வருகிறது. தோப்பி என்றால் நெல்லில் செய்த கள். ஆக 'ஹோம் புரூ' என்று இன்று சொல்கிறார்களே, அதற்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது.

இப்போது நம் வீடுகளில் கம்பங்கூழும் நீராகாரமும் ஞாபகத்தில் இருக்கின்றன. தோப்பி யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. டெல்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தஞ்சாவூரில் இருக்கும் தாத்தாவுக்கும் தெரியாது.

கிளாட்ஸ்டன் போட்ட கணக்கு

சரி, இங்கிலாந்துக்குத் திரும்புவோம். அங்கே 1697 முதல் மால்ட்டுக்கு வரி இருந்தது. வீட்டில் காய்ச்சுபவர் மால்ட்டைக் கடையில் வாங்கும்போதே வரி கட்டிவிடுவார். யார் வீட்டில் எத்தனை பானை என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

1880-ல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டு, பீர் ஆகப்போகும் இனிப்புத் தண்ணீரின் அடர்த்திக்கு வரி போட்டார். தண்ணீரின் அடர்த்தி 1000 என்று வைத்தால், சர்க்கரை கரைந்த தண்ணீர் 1040, 1050 என்று ஏறும். அடர்த்தி அதிகமென்றால் சாராயச் சத்தும் அதிகம், வரியும் அதிகம். கணக்குப் பார்க்கிறவனுக்கு அருமையான முறை. ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. மால்ட்டுக்கு வரி இல்லாததால் வீட்டில் காய்ச்சுகிறவர் எதுவுமே கட்டாமல் தப்பிவிடுவார். அந்த ஓட்டையை அடைக்க, வீட்டில் காய்ச்சவும் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த வீட்டுக் காய்ச்சல் அதற்குப் பிறகு இன்னும் தேய்ந்தது.

அடுத்தது முதல் உலகப் போர். 1914 நவம்பரில் ஒரு பேரலுக்கு 7 ஷில்லிங் 9 பென்ஸாக இருந்த வரி ஒரே அடியில் 23 ஷில்லிங் ஆனது. 1920-ல் 100 ஷில்லிங். பேரலுக்கு 36 கேலன், அதாவது 288 பைன்ட். அன்று ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். பைன்ட்டுக்கு வகுத்துப் பாருங்கள்: சுமார் மூன்றில் ஒரு பென்னியாக இருந்த வரி ஆறே வருடத்தில் 4 பென்னிக்கு மேல் போய்விட்டது. தானியத்தை ரொட்டிக்காக மிச்சம் பிடிக்க வேண்டும், குண்டு செய்யும் தொழிற்சாலை ஆட்கள் தெளிவாக வேலைக்கு வர வேண்டும் என்று அரசு பீர் உற்பத்திக்கும் அடர்த்திக்கும் கட்டுப்பாடு போட்டது. போருக்கு முன் சராசரியாக 1052-ஐ ஒட்டியிருந்த அடர்த்தி 1918-ல் 1030-ஐ ஒட்டி வந்துவிட்டது. சத்து ஏறக்குறைய 5 சதவீதத்திலிருந்து 3 சதவீதம். ஜனங்கள் 'கவர்ன்மென்ட் ஏல்' என்று கேலி செய்தார்கள்.

போர் முடிந்ததும் கொஞ்சம் ஏறியது. ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இரண்டாம் உலகப் போரில் மறுபடி இறங்கியது. ஐம்பது வருடம் அப்படிக் குடித்துப் பழகிய நாக்குக்கு 3.5 சதவீதமே 'நம்ம பாரம்பரிய ருசி' ஆகிவிட்டது. காய்ச்சுகிறவர்களும் அந்தக் குறைந்த சத்துக்குள் எப்படி மணமும் கசப்பும் கொண்டுவருவது என்று கற்றுக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்க ஆங்கில மைல்டை நகலெடுக்க முயல்கிறார்கள். அதன் அப்பா நிதி மந்திரி!

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் பிரிட்டன் மறுபடி வரியைத் திருத்தி, 3.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பீருக்கு விகிதத்தைப் பாதிக்கும் கீழே வைத்தது. உடனே பல கம்பெனிகள் தங்கள் பீரை 3.4 சதவீதத்துக்கு இறக்கின. யாரும் மேடையேறி மதுவிலக்குப் பேசவில்லை. வரி அட்டவணையில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

மலையேறிய பீர்

இனி நம் பக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்கு பீர் அனுப்பிப் பெயர் வாங்கியவர் லண்டன் ஹாட்ஜ்சன். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் ஆலை. ருசியைவிட அவர் கப்பல் கேப்டன்களுக்குக் கொடுத்த நீண்ட கடன் தவணைதான் பெரிய காரணம் (கடன் கொடுக்கிறவன் பிசினஸைப் பிடிப்பான் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்). அதுதான் பிற்காலத்தில் 'இந்தியா பேல் ஏல்' ஆனது. 1820-களில் பர்ட்டன் ஊர் ஆல்சாப் போட்டிக்கு வந்தார்.

இங்கேயே காய்ச்சலாம் என்றால் சமவெளிச் சூடு விடவில்லை. ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 15 முதல் 20 டிகிரி குளிர்ச்சி வேண்டும். சூடு ஏறினால் நாற்றமும் காட்டமும் வரும். ஐஸ் இயந்திரம் இல்லாத காலம். அதனால் ஆலைகள் மலையேறின. எட்வர்ட் டயர் ஆரம்பித்த கசௌலி ஆலை 1855-ஐத் தன் பிறந்த வருடமாகச் சொல்லும். பிறகு நல்ல ஊற்றுத் தண்ணீருக்காக பீர் காய்ச்சல் சோலனுக்கு நகர்ந்தது. கால்காவிலிருந்து சிம்லாவுக்குப் பொம்மை ரயிலில் போனவர்கள் 'சோலன் புரூவரி' என்ற குட்டி ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். 1860-ல் ராவல்பிண்டிக்கு மேலே மரீ ஆலை. ஜாலியன்வாலாபாக்கில் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் 1864-ல் மரீயில் பிறந்தவர், பீர் ஆலைக்காரர் டயரின் மகன். தெற்கே நீலகிரியிலும் ஆலைகள் வந்தன. 1915-ல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை ஒன்றாக்கி ஆரம்பித்ததுதான் யுனைடெட் புரூவரீஸ்.

டயரின் ஆலைகளை பர்ட்டனிலிருந்து வந்த மீகின் வாங்கினார். டயர் மீகின் ஆன அந்தக் கம்பெனியை 1949-ல் நரேந்திர நாத் மோகன் எடுத்து நடத்தினார். அது பிற்பாடு மோகன் மீகின் ஆனது. டெல்லிவாசிகளுக்கு இந்தப் பெயர் தெரியாமலே தெரியும். காசியாபாத் பக்கம் மோகன் நகர் என்கிறோமே, மெட்ரோ சிவப்புப் பாதையில் 2019 முதல் ஸ்டேஷன்கூட இருக்கிறதே, அது இவர் பெயரில் அமைந்த ஊர்தான்.

இந்த ஆலைகளின் முக்கிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் பட்டாளம். வெள்ளைக்காரச் சிப்பாய் நம்மூர்ச் சாராயத்தையும் ரம்மையும் குடித்துச் சுருண்டு விழுந்ததால், அவனை அதிலிருந்து இழுக்க பீரைக் கொடு என்பது ராணுவ அதிகாரிகளின் யோசனை. லேசான பானம் கடுமையான பானத்துக்கு மாற்று என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பானையை எண்ண முடியாது

அப்படியானால் நம் ஜனங்களுக்கு மட்டும் ஏன் நேர் எதிராக நடந்தது? இங்கேதான் ஆப்காரி வருகிறது. ஆப்காரி என்றால் மதுவரி. பம்பாயில் 1878, மெட்ராஸில் 1886, வங்காளத்தில் 1909, பஞ்சாபில் 1914 என்று சட்டங்கள் வந்தன. சாராம்சம் ஒன்றே: லைசென்ஸ் இல்லாமல் யாரும் எந்தப் போதைப் பானமும் தயாரிக்கக் கூடாது. மரத்தில் கள் இறக்கவும் அனுமதி வேண்டும்.

வசூலிப்பவன் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். பத்தாயிரம் வீட்டில் பத்தாயிரம் பானை. ஒவ்வொன்றும் இரண்டு நாளில் முடிந்துவிடும் சரக்கு. எந்த இன்ஸ்பெக்டர் போய் எண்ணுவார்? வசூல் செலவு வசூலைத் தாண்டும். அதற்குப் பதிலாக ஒரு பெரிய வடிசாலை, அதன் வாசலில் ஒரு பூட்டு, பக்கத்தில் ஒரு குமாஸ்தா என்றால் வேலை சுலபம். வடித்த சாராயம் கெடாது, அளக்கலாம், ஏலம் விடலாம். அதனால் அரசின் விருப்பம் இயல்பாகவே காய்ச்சி வடிக்கும் பெரிய ஆலைப் பக்கம் சாய்ந்தது. வீட்டுப் பானை வருமானம் தராத தொல்லை ஆனது. தோப்பி போன்ற பானம் மறையப் பல காரணங்கள் இருக்கலாம். திரும்பி வர முடியாதபடி கதவைச் சாத்தியது இந்தச் சட்டங்கள்தான்.

கதவு முழுதாகச் சாத்தப்படாத இடங்களும் உண்டு. வங்காளத்தில் அரிசி பீருக்குப் 'பச்வாய்' என்று சட்டத்திலேயே தனிப் பெயர் கொடுத்து, ஆதிவாசிகள் வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்ச இடம் கொடுத்தார்கள். பழங்குடிப் பகுதிகளில் அந்தச் சலுகை சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 1996-ல் வந்த பெசா சட்டம், பட்டியல் பகுதிகளில் மதுவைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கிராம சபைக்கு அதிகாரம் கொடுத்தது. அசாமின் திமாசா மக்கள் செய்யும் 'ஜுதிமா' என்ற அரிசிப் பானத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. நம் மதுரை மல்லிக்குக் கிடைத்ததே, அதே குறியீடு. சலுகை இருந்த இடத்தில் பானம் பிழைத்தது.

மெட்ராஸ் கதை தெரிந்ததுதான். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். வணிகவியல் படித்தவர்களுக்கு இது மறக்காது. மதுவிலக்குக்காக வந்த வரி தங்கிவிட்டது, மதுவிலக்கு போய்விட்டது. 1971-ல் விலக்கு தளர்ந்தது. நடுவில் மறுபடி வந்து மறுபடி போய், 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. 2003-ல் சில்லறைக் கடையும் அரசு கைக்கு வந்தது. விளைவைப் பாருங்கள்: பனையிலிருந்து இறக்கும் லேசான கள் குற்றம், 42.8 சதவீதப் பிராந்தி அரசுக் கடையில். பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு.

குவார்ட்டர் கணக்கு

இப்போது காகிதத்தையும் பேனாவையும் எடுங்கள். மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதும் குடிக்கும் மது வெளியேதான் வைக்கப்பட்டது. பீருக்குப் பல மாநிலங்களில் வரி லிட்டருக்கு, அல்லது பாட்டில் விலைக்குத்தான். ஸ்ட்ராங்குக்குச் சில இடங்களில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. உள்ளே இருக்கும் சாராயச் சத்தைச் சரியாக அளந்து அதற்கேற்ப வரி என்பது அபூர்வம்.

650 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் என்றால் சுத்தமான சாராயச் சத்து 32.5 மில்லி. அதே பாட்டில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி. 180 மில்லி குவார்ட்டர் விஸ்கியில் 77 மில்லி. இங்கிலாந்தில் 3.2 சதவீத மைல்ட் ஒரு பைன்ட்டில் 18 மில்லிதான்.

ஸ்ட்ராங் பாட்டில் விலை பத்து சதவீதம் கூட என்று வைத்தாலும், உள்ளே சத்து அறுபது சதவீதம் கூட. தினக்கூலிக்காரர் கையில் இருக்கும் நூற்றுச் சொச்ச ரூபாய்க்கு எதை வாங்குவார்? அவர் முட்டாள் அல்ல. மில்லிக்கு என்ன விலை என்று மனக்கணக்காகவே போட்டுவிடுவார். கம்பெனிக்காரரும் அதே கணக்கைத்தான் போடுகிறார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் 5 சதவீதம் வரை சாதாரண பீர், 5-க்கு மேல் 8 வரை ஸ்ட்ராங் என்று பிரிக்கின்றன. சந்தை போய் உட்கார்ந்தது இரண்டாவது பெட்டியில். நாக்கு அல்ல காரணம், அட்டவணைதான்.

3 சதவீத பீர் யாராவது செய்து விற்றாலும் எடுபடாது. முக்கால் வாசி விலையும் வரியும் அதே, சத்து பாதிக்கும் கீழே. எனவே அது இங்கே தொழிற்சாலையிலும் வராது, வீட்டில் செய்தாலோ குற்றம். இந்த இரண்டு சுவருக்கு நடுவில்தான் சின்ன பீர் காணாமல் போனது.

அங்கே கதவு திறந்தது

பிரிட்டனில் 1963 ஏப்ரல் பட்ஜெட்டில் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் அந்த 1880 லைசென்ஸை ஒழித்தார். விற்காத வரை வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சிக்கொள்ளலாம். பத்து வருடத்தில் மருந்துக்கடையில்கூட மால்ட் டப்பாவும் ஈஸ்ட் பொட்டலமும் கிடைத்தன. அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு போனபோது வீட்டு ஒயினுக்கு அனுமதி வந்தது, பீருக்கு வரவில்லை. 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரியவர் ஒருவர் உள்ள வீட்டுக்கு வருடம் 100 கேலன், இரண்டு பேர் இருந்தால் 200 கேலன், வரி இல்லை.

அங்கே வீட்டில் காய்ச்சுகிறவர்கள் முதலில் கைவைக்கும் வகைகளில் ஒன்று கிரீம் ஏல். பெயரைப் பார்த்துப் பாலாடை இருக்கும் என்று நினைக்காதீர்கள், ஒரு சொட்டுப் பால் கிடையாது. ஜெர்மானியர்களின் லேகர் பீர் அமெரிக்கச் சந்தையைப் பிடித்தபோது, வடகிழக்குப் பக்கத்து ஏல்காரர்கள் போட்டிக்குக் கண்டுபிடித்தது. ஏல் ஈஸ்ட்டில் புளிக்கவைத்து, பிறகு குளிரில் வைத்துத் தெளியவிடுவார்கள். பார்லியோடு மக்காச்சோளமோ அரிசியோ சேர்ப்பதால் உடல் லேசாக இருக்கும். அரிசி சேர்த்த லேசான ஏல்! வலைஞர் ஊர்ச் சாடி ஞாபகம் வருகிறதா?

வேடிக்கை என்னவென்றால், டெல்லிக் குளிர்காலம் இதற்கெல்லாம் அளந்து வைத்தது போன்றது. நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வீட்டுக்குள் 15 முதல் 20 டிகிரிக்குள் ஏதோ ஒரு அறை இருக்கும். ஆங்கில ஏலுக்கு அதுதான் வேண்டும். பஞ்சாபிப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதே குளிரில் மொட்டை மாடியில் கருப்புக் கேரட் காஞ்சி ஜாடியை வெயிலில் வைப்பார். அது லேசான புளிப்பு, சட்டம் கண்டுகொள்ளாது. பக்கத்தில் மால்ட் ஜாடி வைத்தால் சட்டம் கண்டுகொள்ளும். டெல்லி நெடுநாள் 1914-ம் வருட பஞ்சாப் சட்டத்தில் ஓடியது. 2009-ல் தனிச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பது மட்டுமல்ல, தயாரிப்பதற்கான பாத்திரம் வைத்திருப்பதும் குற்றம் என்ற பழைய அமைப்பு அப்படியே இருக்கிறது. குருகிராமுக்குப் போனால் மைக்ரோ புரூவரியில் கண்முன்னால் காய்ச்சி ஊற்றுவார்கள். அது லைசென்ஸ் கட்டணம் கட்டக்கூடியவர்களின் கிளாஸ்.

இதில் நமக்கு என்ன?

பெரிய விஷயம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மரக்காணம். இரண்டிலும் கொன்றது மெத்தனால் என்னும் தொழிற்சாலை ரசாயனம். யாரோ கொண்டுவந்து கலந்தது. அரிசியோ பார்லியோ நொதித்த பானத்தில் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. ஆனால் நம் சட்டத்துக்கு இரண்டும் ஒரே பெட்டி: 'கள்ளத்தனமாகத் தயாரித்த மது'. பானையில் புளித்த 3 சதவீதமும், ரசாயனம் கலந்த விஷமும் ஒரே தராசில்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். வீட்டில் காய்ச்ச விட்டால் பிள்ளைகள் கெடும், குடிகாரன் வீட்டை விட்டே நகரமாட்டான், அடி வாங்குவது மனைவிதான். நம் ஊர்ப் பெண்கள் டாஸ்மாக் கடை முன்னால் உட்கார்ந்து போராடியதைப் பார்த்தவன் யாரும் இதைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் பெசா சட்டத்தின் வழி எனக்குப் பிடிக்கிறது. விடுவதா தடுப்பதா என்பதை எங்கோ இருக்கும் வரி அலுவலகம் சொல்லாமல், அந்த ஊர் சபை உட்கார்ந்து சொல்கிறது. அந்தச் சபையில் பெண்களும் இருக்கிறார்கள்.

வீட்டுப் பானை விவகாரம் அப்படி நிதானமாகவே நடக்கட்டும். வரி அட்டவணைக்கு அவ்வளவு யோசனை தேவையில்லை. பாட்டிலுக்கு வரி என்பதை உள்ளே இருக்கும் சத்துக்கு வரி என்று மாற்றினால், கஜானாவுக்கு நஷ்டம் வராமலே 8 சதவீதம் விலை ஏறும், 3.5 சதவீதம் விலை இறங்கும். கம்பெனிகள் தாமாகவே இறங்கி வரும். 2023-ல் அங்கே அதுதான் நடந்தது. ஒரு கூலித் தொழிலாளி சனிக்கிழமை ராத்திரி 52 மில்லிக்குப் பதில் 20 மில்லியோடு வீடு திரும்பினால், வித்தியாசம் அந்த வீட்டுக் கதவைத் திறக்கும் பெண்ணுக்குத் தெரியும்.

அடுத்த முறை மாநில பட்ஜெட் அன்று "மது விலை உயர்வு" என்று டிவியில் ஓடும்போது, எத்தனை ரூபாய் என்பதோடு நிறுத்தாதீர்கள். பாட்டிலுக்கா, சத்துக்கா என்று பாருங்கள்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் டெல்லியில் பிழாவும் சாடியும் வாங்கக் கிளம்ப வேண்டாம். ஜாமீன் கையெழுத்துப் போட நான் வரமாட்டேன் :-)